ஏதோ ஓடுதுங்க!

"நல்லா இருக்கீங்களா?"

தமிழில் இதைவிட அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி கிடையாது. இதைவிட அதிகமாக மழுப்பப்படும் கேள்வியும் கிடையாது. "நல்லா இருக்கோம்" என்பவர்கள் கொஞ்சம் பேர். "ஏதோ ஓடுதுங்க" என்பவர்கள்தான் நிறைய. ரொம்பக் கெட்டிக்காரத்தனமான பதில் இது. நன்றாக இருக்கிறோம் என்று சொன்னால் கேட்டவர் கைமாத்துக் கேட்டுவிடுவார். கஷ்டம் என்று சொன்னால் நம் கடன் கதை ஊருக்குத் தெரிந்துவிடும். இரண்டிலிருந்தும் தப்பிக்க ஒரே பதில்: ஏதோ ஓடுதுங்க!

இதே கேள்வியை அரசியல் மேடையில் கேட்டு ஆட்சியைப் பிடித்த ஆள் ஒருவர் உண்டு. 1980 அக்டோபர் 28. அமெரிக்காவில் ஜனாதிபதி கார்ட்டரும் அவரை எதிர்த்து நின்ற ரீகனும் டி.வி.யில் விவாதம் நடத்தினார்கள். கடைசியில் ரீகன் மக்களைப் பார்த்துக் கேட்டார்: நாலு வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிட இப்போது நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா? அடுத்த வாரமே தேர்தல். கார்ட்டர் காலி.

நம் ஊர் அரசியல்வாதிகள் இன்னும் சாமர்த்தியசாலிகள். கேள்வியே கேட்பதில்லை. பதிலை மட்டும் அவர்களே சொல்லிவிடுகிறார்கள். ஆளும் கட்சியாக இருந்தால் நீங்கள் சுபிட்சமாக இருக்கிறீர்கள். எதிர்க்கட்சியாக இருந்தால் நீங்கள் நாசமாகப் போய்விட்டீர்கள். மாநிலத்தில் ஆண்டுகொண்டு டெல்லியில் எதிர்க்கட்சியாக இருந்தால், நீங்கள் ஒரே நேரத்தில் சுபிட்சமாகவும் நாசமாகவும் இருக்கிறீர்கள்!

அவர்களை விடுங்கள். நீங்களும் நானும் பேசுவோம். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் இருந்ததைவிட நாம் நன்றாக இருக்கிறோமா, இல்லையா?

பேச ஒரு ஊர் வேண்டும். திருத்தணியை எடுத்துக்கொள்வோம். 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்து, போராட்டம் நடத்தித் தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர். ஒரு பக்கம் சென்னை, இன்னொரு பக்கம் திருப்பதி. சுற்றிலும் மணவூர், திருவாலங்காடு, பொதட்டூர்பேட்டை, அம்மையார்குப்பம். நெல் உண்டு, கரும்பு உண்டு, விசைத்தறி உண்டு. காலையில் மின்சார ரயில் பிடித்துச் சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கம்பெனி பஸ்ஸில் ஷிஃப்டுக்குப் போகிற பிள்ளைகள் உண்டு. தமிழ்நாட்டின் சராசரியை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் இதைவிட நல்ல ஊர் சிரமம்.

இங்கே நம் கேள்விக்கு இரண்டு கட்சிகள் இருக்கின்றன. தேர்தல் கமிஷனில் பதிவு செய்யாத கட்சிகள்.

முதல் கட்சிக்குப் பளபளப்புக் கட்சி என்று பெயர் வைப்போம். "என்ன சார் ஏழ்மை, ஏழ்மைன்னு? மலையடிவாரத்துல போய் நின்னு பாருங்க. எத்தனை கார், எத்தனை பைக்! யார் கையில டச் போன் இல்ல? கொத்தனார் வீட்டுல எல்.இ.டி. டி.வி. இல்லையா? இளநி விக்கிறவர் யு.பி.ஐ.ல காசு வாங்குறார்! மக்கள் கையில பணம் புரளுது சார்!"

இரண்டாவது, புலம்பல் கட்சி. "அந்தக் காலத்துல ஒரு ரூபாய்க்கு என்னென்ன வாங்கினோம்! ஒருத்தர் சம்பாதிச்சு எட்டுப் பேர் சாப்பிட்டோம். இப்ப புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் சம்பாதிச்சும் பத்தல. எல்லாம் போச்சு!"

எனக்கு இரண்டு கட்சியிலும் சேர விருப்பமில்லை. முதலில் புலம்பல் கட்சியைக் கவனித்துவிடுவோம். அது சுலபம்.

ஒருத்தர் சம்பாதித்து எட்டுப் பேர் சாப்பிட்டது உண்மைதான். என்ன சாப்பிட்டார்கள் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. கூழும் கேழ்வரகுக் களியும். நெல்லுச் சோறு பொங்கலுக்கும் தீபாவளிக்கும். எட்டுப் பேரில் கடைசியாகச் சாப்பிட்டவள் அம்மா, சட்டியில் மிச்சம் இருந்தால். அந்தப் பொற்காலம் நமக்கு வேண்டவே வேண்டாம்.

மத்திய அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பு என்று ஒன்று உண்டு. ஒரு வீட்டில் மாதம் தலைக்கு எவ்வளவு செலவாகிறது, அதில் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்று பார்ப்பார்கள். 2011-12-ல் இந்தியக் கிராமங்களில் நூறு ரூபாய் செலவில் சுமார் 53 ரூபாய் சாப்பாட்டுக்கே போனது. 2022-23-ல் அது சுமார் 46 ரூபாய். வயிற்றுக்குப் போக மிச்சம் இருப்பது கூடியிருக்கிறது என்று அர்த்தம். அதே 2022-23 கணக்கில் தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலைக்கு மாதம் 5,310 ரூபாய் செலவு. அகில இந்தியக் கிராம சராசரி 3,773 ரூபாய்தான். நாம் மற்றவர்களைவிட மேலே இருக்கிறோம் என்பதில் சந்தேகமே இல்லை.

2021 மே மாதம் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்றார்கள். அதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக்குழு கணக்கிட்டது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களின் கணக்கில் ஏறத் தொடங்கியது. "இலவசம் கொடுத்துக் கெடுக்கிறாங்க" என்று ஏ.சி. ரூமில் உட்கார்ந்து பேசுகிறவர்களுக்கு 888 ரூபாயின் எடை தெரியாது. தறிக்குப் போகிற பெண்ணுக்கும் வீட்டுவேலை செய்கிற பெண்ணுக்கும் தெரியும்.

ஆக, எல்லாம் போச்சு என்பது பொய். புலம்பல் கட்சிக்கு டெபாசிட் காலி.

இப்போது பளபளப்புக் கட்சி. இவர்கள்தான் ஆபத்தானவர்கள். ஏனென்றால் இவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. பைக் இருப்பது உண்மை. டி.வி. இருப்பது உண்மை. அந்த பைக் யாருடையது என்பதுதான் கேள்வி. ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். உங்கள் பெயருக்குக் கீழே ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயரும் இருக்கும். கடைசித் தவணை கட்டி முடிக்கும்வரை ஓட்டுவதற்குத்தான் நீங்கள். இரண்டு தவணை தவறினால் வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

அரசாங்கத்தின் கணக்கையே பார்ப்போம். நபார்டு வங்கி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கிராமத்து மக்களிடம் நம் கேள்வியைத்தான் கேட்கிறது. போன வருஷத்துக்கு இந்த வருஷம் எப்படி? 2025 டிசம்பரில் அதன் முடிவை மத்திய அரசு பெருமையாக வெளியிட்டது. நூற்றுக்குச் சுமார் 80 வீடுகளில் செலவு கூடியிருக்கிறது. ஆஹா, கிராமம் செழிக்கிறது என்றார்கள். அதே அறிக்கையில் இன்னொரு எண். வருமானம் கூடிய வீடுகள் நூற்றுக்கு 42.2. இந்த ஆய்வு ஆரம்பித்ததிலிருந்து இதுதான் அதிகமாம்.

எட்டாம் வகுப்புக் கணக்குதான். செலவு கூடியது 80 வீட்டில். வருமானம் கூடியது 42 வீட்டில். அப்படியானால் குறைந்தது 38 வீடுகளில் வருமானம் கூடாமலே செலவு கூடியிருக்கிறது. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஒன்று, சேமிப்பைக் கரைத்திருக்க வேண்டும். அல்லது கடன் வாங்கியிருக்க வேண்டும். இதற்குப் பெயர் செழிப்பா?

இந்தக் குழப்பம் தெரியாமல் நடப்பதில்லை. 2023 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி ஒரு கணக்கு வெளியிட்டது. 2022-23-ல் இந்தியக் குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு ஜி.டி.பி.யில் 5.1 சதவீதமாக இறங்கிவிட்டது. கிட்டத்தட்ட ஐம்பது வருஷத்தில் அவ்வளவு கீழே போனதில்லை. எல்லோரும் பதறினார்கள். நிதி அமைச்சகம் பதறவில்லை. மக்கள் கஷ்டத்தில் இல்லை, கடன் வாங்கி வீடும் வாகனமும் வாங்குகிறார்கள், அதனால்தான் சேமிப்பு குறைவாகத் தெரிகிறது என்று விளக்கம் கொடுத்தது. பிறகு சேமிப்பு கொஞ்சம் மேலே ஏறியது. விளக்கத்தின் பாதி உண்மை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அதே ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் என்ன சொன்னது தெரியுமா? குடும்பங்களின் மொத்தக் கடனில் 54.9 சதவீதம் வீட்டுக் கடன் அல்லாத சில்லறைக் கடன்கள், அவை பெரும்பாலும் நுகர்வுக்காக வாங்கப்பட்டவை என்றது. வீடு கட்ட வாங்கியது சிறுபாதி. தின்னவும் உடுக்கவும் படிக்கவும் வைத்தியத்துக்கும் ஓட்டவும் வாங்கியது பெரும்பாதி.

சம்பளம்? மத்திய அரசின் 2024-25 பொருளாதார ஆய்வறிக்கையில் இருக்கிறது. விலைவாசி உயர்வைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மாதச் சம்பளம் வாங்கும் ஆணின் சராசரி வருமானம் 2017-18-ல் 12,665 ரூபாய். 2023-24-ல் 11,858 ரூபாய். சொந்தத் தொழில் செய்யும் ஆணுக்கு 9,454-லிருந்து 8,591. ஆறு வருஷத்தில் சுளையாக எண்ணூறு ரூபாய்க்கு மேல் அவுட்! தினக்கூலிக்காரருக்கு மட்டும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. அதே அறிக்கை இன்னொன்றும் சொல்கிறது. பெரிய கம்பெனிகளின் லாபம் 2023-24-ல் பதினைந்து வருஷ உச்சம். பணம் புரள்வது நிஜம்தான். யார் வீட்டில் புரள்கிறது என்பதில்தான் தகராறு.

"விலைவாசிதான் குறைஞ்சிடுச்சே!" என்று ஒரு குரல் கேட்கிறது. ஆமாம், 2025 அக்டோபரில் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம் என்றார்கள். இங்கே ஒரு கண்கட்டு வித்தை இருக்கிறது. பணவீக்கம் குறைந்தது என்றால் விலை குறைந்தது என்று அர்த்தமில்லை. விலை ஏறும் வேகம் குறைந்தது என்றுதான் அர்த்தம். மலைமேல் ஏறும் பஸ் வேகத்தைக் குறைத்தால் அது மேலேதான் இருக்கும், அடிவாரத்துக்கு வந்துவிடாது. 2020 நவம்பரில் சென்னையில் கேஸ் சிலிண்டர் 610 ரூபாய். 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசு. பிறகு இரண்டு முறை குறைத்தார்கள், தேர்தல் நேரத்தில் குறைப்புக்கு விளம்பரமும் செய்தார்கள். 2025 ஏப்ரலில் 868 ரூபாய் 50 காசு. ஆயிரத்துச் சொச்சத்தோடு ஒப்பிட்டு நீங்கள் நன்றி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அடுப்படியில் இருப்பவர் 610-ஐ மறக்கவில்லை.

அடுத்தது தங்கம். தங்கத்தை ஆடம்பரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணின் பி.எஃப்., இன்ஷூரன்ஸ், பென்ஷன் எல்லாம் அவள் கழுத்திலும் காதிலும்தான் இருக்கிறது.

நூறு நாள் வேலைக் கூலியை அளவுகோலாக வைத்துக்கொள்வோம். 2020 ஜனவரியில் தமிழ்நாட்டுக்கான கூலி நாளுக்கு 229 ரூபாய். தங்கம் சவரன் 30,000 ரூபாய் அளவில். ஒரு சவரனுக்கு 131 நாள் கூலி. 2025-26-ல் கூலி 336 ரூபாய். 2025 டிசம்பரில் சவரன் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அப்போது ஒரு சவரனுக்கு 298 நாள் கூலி! கூலி ஏறவில்லையா? ஏறியது. நூறு ரூபாய்க்கு மேலேயே ஏறியது. ஆனால் மகளுக்கு ஒரு சவரன் வாங்க நினைத்தவளுக்கு அது இரண்டு மடங்கு தூரத்துக்குப் போய்விட்டது. அதுவும் நூறு நாள் முழுசாக வேலை கிடைத்தால். அந்தத் திட்டத்துக்குப் பதிலாகவே 2025 டிசம்பரில் வேறொரு சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள். 125 நாள் என்கிறார்கள். கூடவே கூலிச் செலவில் நூற்றுக்கு நாற்பதை மாநிலத்தின் தலையில் வைத்தார்கள்.

"தங்கம் ஏறினா நல்லதுதானே? வீட்டுல இருக்கிற நகைக்கு மதிப்பு ஏறிடுச்சே!" பளபளப்புக் கட்சியின் லேட்டஸ்ட் வாதம் இது. நகை பீரோவில் இருந்தால் சரி. அடகுக் கடையில் இருந்தால்?

எப்படி நடக்கிறது என்று பாருங்கள். 2025 ஜனவரியில் சவரன் 57,000 ரூபாய் சுமார். முக்கால் பங்கு கடன் என்றால் ஒரு சவரனுக்கு அதிகபட்சம் 42,750 ரூபாய் கிடைக்கும். சவரன் ஒரு லட்சம் ஆனபோது அதே நகைக்கு 75,000 ரூபாய். கடைக்காரரே கூப்பிடுவார்: "அம்மா, உங்க நகைக்கு இன்னும் முப்பதாயிரம் வரும், வாங்கிக்குறீங்களா?" ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய ஜூன் மாதத்தில் இதை வேண்டாம் என்று சொல்ல எத்தனை பேரால் முடியும்? வாங்கியாயிற்று. ஃபீஸ் கட்டியாயிற்று. வெளியிலிருந்து பார்த்தால் பணம் புரள்கிறது. வளையல் அதே வளையல்தான், ஒரு குன்றிமணி கூட வளரவில்லை. கடன் மட்டும் வளர்ந்துவிட்டது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றே வையுங்கள். 75,000-க்கு வருஷம் 9,000 ரூபாய். 336 ரூபாய் கூலிக்காரருக்கு அது 27 நாள் உழைப்பு. நகையை மீட்பதற்கு அல்ல, ஏலத்துக்குப் போகாமல் காப்பதற்கு மட்டும்!

இது ஏதோ நாலு வீட்டுக் கதை இல்லை. 2025 மார்ச் முடிந்த ஒரு வருஷத்தில் வங்கிகளின் நகைக் கடன் நிலுவை இரண்டு மடங்கைத் தாண்டியது. சுமார் 2 லட்சம் கோடி ரூபாய். இதில் ஒரு பகுதி, விவசாய நகைக் கடனை வங்கிகள் வேறு தலைப்புக்கு மாற்றி எழுதியதால் வந்தது. அதைக் கழித்தாலும் வேகம் பயங்கரம். அந்த ஏப்ரலில் நகைக் கடன் விதிகளை இறுக்க ரிசர்வ் வங்கி ஒரு வரைவு போட்டது. தமிழ்நாடே கொந்தளித்தது. அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின், நிதி அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். ஜூன் மாதம் ரிசர்வ் வங்கி இறங்கிவந்து, இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவீதம் வரை கொடுக்கலாம் என்றது. எல்லோரும் வெற்றி என்று கைதட்டினார்கள்.

நன்றாக யோசியுங்கள். ஒரு மாநிலம் முழுக்கச் சேர்ந்து எதற்காகப் போராடுகிறது? நகையை அடகு வைக்கும் உரிமைக்காக! வசதியாக இருக்கிற ஜனங்கள் செய்கிற காரியமா இது?

இன்னொரு ஜோடிப் பொருத்தமும் பாருங்கள். 2024-25-ல் தமிழ்நாட்டின் பொருளாதார வளர்ச்சி 11.19 சதவீதம். நாட்டுக்கே முன்னோடி என்று கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டிய எண்தான். அந்த நிதியாண்டு முடிந்த அடுத்த மாதமே, 2025 ஏப்ரலில், சட்டமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேறியது. கடன் வசூலிக்கிறோம் என்று வீட்டு வாசலில் வந்து மிரட்டினால் ஜெயில் தண்டனை என்று. நல்ல சட்டம். ஆனால் 11.19 சதவீதம் வளர்ந்த மாநிலத்தில் அந்தச் சட்டத்துக்கு ஏன் அவ்வளவு அவசரத் தேவை வந்தது? வளர்ச்சிக் கணக்கில் தெரியாத ஏதோ ஒன்று வீட்டு வாசலில் வந்து நிற்கிறது. வாரம் தவறாமல், குழு லோன் வசூல் என்ற பெயரில்.

இந்த இடத்தில் சில பெரிய மனுஷர்கள் உபதேசம் ஆரம்பிப்பார்கள். "எல்லாம் ஆடம்பரம்! கல்யாணத்துக்கு டிஜிட்டல் பேனர், காது குத்துக்குக் கிடாவெட்டு, கைக்கு மீறின போன்..." இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக் கடனின் கணக்கை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். ஸ்கூல் ஃபீஸ், ஆஸ்பத்திரி, மகளின் கல்யாணம், போர்வெல் போட்டுத் தண்ணீர் வராமல் போனது, தறிக்கு வேலை இல்லாத மாதங்கள். இதில் எது ஆடம்பரம்? இரண்டாயிரம் ரூபாய் போன் கவரைக் காட்டி இரண்டு லட்ச ரூபாய் ஆஸ்பத்திரி பில்லை மறைக்காதீர்கள்.

சரி, அப்படியானால் நன்றாக இருப்பது என்றால் என்ன? அதை எப்படி அளப்பது?

திருத்தணி மலைக்கு 365 படி. வருஷத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு படி என்பார்கள். ஒவ்வொரு டிசம்பர் 31 அன்றும் படிக்குப் படி பூஜை செய்து, பாடிக்கொண்டே மலை ஏறுவார்கள். 1917-ல் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் தொடங்கி வைத்தது. புத்தாண்டு அன்று வெள்ளைக்கார துரைகளின் பங்களா வாசலில் போய்ப் பல்லைக் காட்டி வாழ்த்துச் சொல்லும் வழக்கத்தை மாற்றத்தான் இந்த ஏற்பாடு என்று சொல்வார்கள். பக்தி இருக்கிறவர்கள் பக்தியோடு ஏறட்டும். எனக்கு அந்தப் படிகள் ஒரு நல்ல அளவுகோலாகத் தெரிகின்றன.

உங்கள் வீட்டில் சம்பாதிக்கிறவர் நாளைக் காலை கால் உடைந்து படுத்துவிட்டார் என்று வையுங்கள். அல்லது கம்பெனி "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்றுவிட்டது. யாரிடமும் கை நீட்டாமல், நகையை எடுத்துக்கொண்டு ஓடாமல், குழந்தையின் படிப்பை நிறுத்தாமல் உங்கள் வீடு எத்தனை நாள் ஓடும்? எத்தனை படி ஏறுவீர்கள்? முப்பதா? தொண்ணூறா? 365-மா? அல்லது முதல் படியிலேயே உட்கார்ந்துவிடுவீர்களா?

அஞ்சு வருஷத்துக்கு முன்னால் அந்த எண் எவ்வளவு, இப்போது எவ்வளவு? அதுதான் ஐயா பதில். டி.வி.யின் அங்குலம் பதில் இல்லை. வண்டியின் சி.சி. பதில் இல்லை.

இது கற்பனைக் கேள்வியும் இல்லை. ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் ஆரம்பித்த நோக்கியா தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வேலை பார்த்தார்கள். கையில் சம்பளம், மரியாதை, அதை நம்பித் தவணை. 2014 நவம்பர் 1-ம் தேதி கதவை மூடினார்கள். மறைமலை நகரில் ஃபோர்டு 2022-ல் உற்பத்தியை நிறுத்தியது. முந்தின மாதம் வரை அந்த வீடுகள் பளபளப்புக் கட்சியின் போஸ்டரில் போடத் தகுந்த வீடுகள். அடுத்த மாதம் என்ன ஆனது? நஷ்டஈடு வாங்கியவர்கள் கொஞ்ச நாள் தாக்குப்பிடித்தார்கள். கான்ட்ராக்ட் பிள்ளைகளுக்கு வேறு கம்பெனி பஸ்தான் வழி. சம்பளம் இருப்பது வேறு, பிடிமானம் இருப்பது வேறு. நாம் சம்பளத்தைக் கொண்டாடிப் பிடிமானத்தை விட்டுவிட்டோம்.

மணவூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் தினம் போய்வருகிறவரின் கணக்கில் இன்னொரு செலவும் இருக்கிறது. விடியுமுன் கிளம்பி, இருட்டிய பின் வீடு திரும்பி, குழந்தை தூங்கும்போது மட்டும் பார்க்கிற வாழ்க்கை. அந்த நேரத்துக்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் விலை போடுவதில்லை. வருமானம் கூடியது என்று மட்டும் எழுதிக்கொள்கிறார்கள்.

இவ்வளவையும் தாங்கிக்கொண்டு நாம் எப்படி சும்மா இருக்கிறோம்? அதற்கும் ரிசர்வ் வங்கியிடமே பதில் இருக்கிறது. பெருநகர மக்களிடம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அது ஒரு நம்பிக்கைக் கணக்கு எடுக்கிறது. போன வருஷத்தைவிட இப்போது எப்படி, அடுத்த வருஷம் எப்படி இருக்கும் என்று கேட்கிறது. 100 என்றால் சமம். அதற்குமேல் போனால் நல்லது, கீழே போனால் மோசம். "இப்போது எப்படி" என்ற எண் 2019 மார்ச்சில் 104.6. அதற்குப் பிறகு 2025 நவம்பர் வரை ஒரு தடவை கூட 100-ஐத் தொடவில்லை. ஆனால் "அடுத்த வருஷம்" என்ற எண்? கொரோனா உலுக்கிய சில மாதங்களைத் தவிர, எப்போதும் 100-க்கு மேலேதான்!

அதாவது ஒவ்வொரு வருஷமும் நாம் சொல்கிறோம்: இந்த வருஷம் சரியில்லை, அடுத்த வருஷம் சரியாகிவிடும். அடுத்த வருஷம் வருகிறது. மறுபடியும் அதையே சொல்கிறோம். நபார்டு கேட்ட கிராமத்து ஜனங்களிலும் நூற்றுக்கு 76 பேர் அடுத்த வருஷம் வருமானம் கூடும் என்கிறார்கள். இந்த நம்பிக்கையை வைத்துத்தான் தவணைக்கு வண்டி கொடுக்கிறார்கள். இந்த நம்பிக்கையை வைத்துத்தான் ஓட்டும் வாங்குகிறார்கள். நம் நாட்டில் மிக மலிவாக அடகு வாங்கப்படும் பொருள் தங்கம் அல்ல. இதுதான்.

நம்பிக்கை வேண்டாம் என்று சொல்லவில்லை. கணக்கோடு வேண்டும் என்கிறேன். ஒரு பழைய காலண்டர் தாளை எடுங்கள். பின்பக்கம் மூன்று வரி எழுதுங்கள். ஒன்று: சம்பாத்தியம் நின்றால் வீடு எத்தனை நாள் ஓடும்? இரண்டு: வீட்டு நகையில் எத்தனை சவரன் வீட்டில் இருக்கிறது, எத்தனை வெளியே இருக்கிறது? மூன்று: கடைசியாக வாங்கிய கடன் எதற்கு? பக்கத்திலேயே அஞ்சு வருஷத்துக்கு முந்தைய எண்ணையும் எழுதுங்கள். இதை வீட்டில் உள்ள பெண்களைக் கேட்டு எழுதுங்கள். ஆண்களுக்குப் பாதி அடகுச் சீட்டு எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடமும் இந்த மூன்றையே கேளுங்கள். மாநிலத்தின் வளர்ச்சி எத்தனை சதவீதம் என்று அவர்கள் சொல்லட்டும், கேட்டுக்கொள்வோம். ஆனால் போன வருஷம் இந்த மாவட்டத்தில் எத்தனை வீட்டு நகை ஏலத்துக்குப் போனது என்றும் சொல்லட்டும். ஆஸ்பத்திரி பில்லுக்காகக் கடனாளியான குடும்பம் எத்தனை என்றும் சொல்லட்டும். கான்ட்ராக்ட் தொழிலாளியைத் திடீரென்று வெளியே அனுப்பினால் அவன் வீட்டுக்கு எத்தனை மாதம் சோறு என்று சொல்லட்டும். இவற்றை எண்ணிச் சொல்லாத அரசாங்கம் எதுவாக இருந்தாலும், நாம் நன்றாக இருக்கிறோமா என்பதைப் பற்றிப் பேச அதற்கு யோக்கியதை கிடையாது.

துரை வாசலில் போய் "நல்லா இருக்கோம் துரை" என்று பல்லைக் காட்டும் வேலை ஒரு நூற்றாண்டுக்கு முன்னாலேயே போதும் என்றாகிவிட்டது. "ஏதோ ஓடுதுங்க" என்பதும் அதே பல்லிளிப்பின் தம்பிதான்.

அடுத்த தடவை யாராவது "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டால், எண்ணைச் சொல்லுங்கள்.

"நாற்பது நாளுங்க. போன தடவை நீங்க ஓட்டுக் கேட்டு வந்தப்ப தொண்ணூறு."